மாலை போட்டவரிடம் கேட்கக்கூடாத கேள்வி

புதிதாக இந்த வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தெம்பூட்டும்படியாக இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். தெம்பு என்னிடமே அவ்வளவாக மிச்சமில்லை. மற்றவர்களுடைய கவலையைக் கேட்டுக்கொண்டே வாழ்நாளைக் கழித்த பெண்ணுக்கு ஓய்வு கிடைத்ததும் முதலில் தேவைப்படுவது யாரும் எதுவும் பேசாத ஒரு வீடு. சிதம்பரத்தில் அப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறேன். அழைப்பு மணியைக்கூடக் கழற்றி வைத்திருக்கிறேன்.

நீங்கள் படித்துவிட்டு வந்த பாடத்தில் ஓர் அறை இருக்கும். அதில் இரண்டு நாற்காலி, ஒரு ஆலோசகர், ஒரு ஆள். கடலூரில் அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். இங்கே யாரும் தனியாக வருவதில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு வார்த்தை இல்லை என்றால் மாமியார், சித்தப்பா, நாத்தனார், பக்கத்து வீட்டில் விவரம் தெரிந்தவர் ஒருவர் என்று ஒரு வேன் ஆள் வந்து இறங்கும். எல்லோரும் உட்கார்ந்ததும் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க மேடம், யாரு மேல தப்பு?" என்பார். இந்த வேலைக்கு வந்த என் மேல்தான் என்று பலமுறை வாய் வரைக்கும் வந்திருக்கிறது.

இத்தனை பேர் கூட வருகிறார்களே, அதனால் பேச்சு நிறைய நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முக்கியமானதைத் தவிர மற்ற எல்லாம் பேசுவார்கள். மழை வெள்ளம், வேலை போனது, வீட்டில் சாவு என்று கெட்ட காலம் வந்தால் நம் ஜனங்கள் அன்பைக் காட்டும் விதமே கேட்காமல் இருப்பதுதான். "அவரே நொந்து போயி கெடக்காரு, நான் வேற எதுக்குக் கேக்கணும்?" இதைச் சொல்லாத மனைவியை நான் பார்த்ததில்லை. கணவனும் இதையே சொல்வான். ஒருவரை ஒருவர் கேட்காமல் பார்த்துக்கொள்வார்கள்.

செல்வத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் சில விவரங்களும் மாற்றியவை. அவரிடமும் அவர் மனைவியிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

செல்வத்துக்குப் பண்ருட்டி பக்கம். சொந்தமாக மினி லாரி வைத்துப் பலாப்பழ லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவி சுமதி பண்ருட்டியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். செல்வம் சுமதிக்கு அத்தை மகன். சுமதியின் தம்பிக்கும் அவருக்கும் சின்ன வயதிலிருந்தே மாமன் மச்சான் என்பதைவிட கூட்டாளிகள் என்பதுதான் பொருந்தும். ஒரு மழை நாளில் மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு விருத்தாசலம் சாலையில் லோடு ஏற்றிப் போனபோது எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கினார். வண்டி கவிழ்ந்தது. மச்சான் அங்கேயே போய்விட்டார். செல்வத்துக்குக் கையில் நாலு தையல். அவர் மேல் தப்பில்லை என்று போலீஸ் சொன்னது, ஊர் சொன்னது, மாமனார் வீட்டிலும் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் குடிக்க ஆரம்பித்தார். ஒன்றரை வருடம் போல் குடித்தபின் சுமதி அவரை எங்கள் ஆலோசனை மையத்துக்கு அழைத்து வந்தார்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடியில் இருந்தது எங்கள் மையம். செல்வத்தைப் பார்த்துக்கொண்டவர் என்னோடு வேலை செய்த நிர்மலா. அப்போது அவருக்கு இந்தத் தொழிலில் மூன்றாவது வருடமோ என்னவோ. கெட்டிக்காரப் பெண், பொறுமைசாலி. குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று எச்சரித்து மருத்துவரிடம் முன்கூட்டியே அனுப்பி வைத்தவர். குறை சொல்ல எதுவுமில்லை.

கார்த்திகை பிறந்ததும் செல்வம் ஐயப்பனுக்கு மாலை போட்டார். அன்று மையத்தில் கல்யாண வீட்டுக் களைதான். உங்களுக்கு இது இன்னும் தெரிந்திருக்காது. நம் மாவட்டத்தில் கார்த்திகை வந்தால் எங்கள் வராந்தா பெஞ்சு காலியாகிவிடும். அதுவரை எந்த மருந்துக்கும் அசையாதவர்கள் மாலை விழுந்ததும் ஒரு சொட்டு தொடமாட்டார்கள். எங்களுக்கு அது அரைப்பரீட்சை லீவு போல. தை பிறந்து மாலையைக் கழற்றியதும் அத்தனை பேரும் திரும்ப வருவார்கள், அதற்குள் நாங்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வோம். "மேடம், செல்வம் மாலை போட்டுட்டாரு!" என்று நிர்மலா சொன்னபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு ஆளைப் பற்றிய கவலை குறைந்தது என்று மனசு உடனே அடுத்த ஆளிடம் போய்விட்டது.

மலைக்குக் கிளம்பும் நாளன்று மதியத்துக்கு மேல் செல்வமும் சுமதியும் மையத்துக்கு வந்தார்கள். சாயங்காலம் ஊரில் இருமுடி கட்டி வேன் ஏற வேண்டும். சுவாமிகள் சிலருக்குக் கடலூரில் ஏதோ வாங்க வேண்டியிருந்ததால் குருசாமியின் வேன் அந்தப் பக்கம் வந்திருந்தது, கூடவே வந்து நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஏறி வந்திருக்கிறார்கள். கறுப்பு வேட்டி, தாடி, நெற்றி நிறைய சந்தனம். ஆள் பாதியாக இளைத்திருந்தார். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து, "சாமி வாங்க, சாமி உக்காருங்க" என்றார்கள். துடைக்கிற அம்மா தன் மகளுக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னார். செல்வம் ஒவ்வொருவரிடமும் போய்க் கும்பிட்டு நன்றி சொன்னார். ஒருவரையும் விடவில்லை.

எனக்கு அன்று காலையிலிருந்து ஓய்வே இல்லை. தலை விண்விண் என்று தெறித்தது. மழை வேறு. சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தால் போதும் என்று பையைத் தோளில் மாட்டிவிட்டேன். சுமதி என் பக்கத்தில் வந்து நின்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சாமி அப்படியே மாறிட்டாரு மேடம். முன்ன மாதிரி கோவமே கெடையாது. யாருகிட்டயும் ஜாஸ்தி பேசறது இல்ல, ஒரு வேளை சாப்பாடு, அதுவும் ரெண்டு கை. விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே எழுந்து உக்காந்துடறாரு. டிவி பாக்கறது இல்ல, சிரிப்பு வெளையாட்டு இல்ல. வண்டியக்கூட சித்தப்பா மவனுக்குக் குடுத்துட்டாரு. திரும்பி வந்து நீங்கதான ஓட்டணும், எதுக்குன்னு கேட்டேன். சிரிக்கறாரு."

வீட்டில் மனைவியும் கணவனைச் சாமி என்றுதான் அழைப்பார், மாலை இறங்கும் வரை. சுமதி சொன்ன ஒவ்வொன்றையும் மாலை இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்லியிருந்தால் நிர்மலாவும் நானும் துள்ளி எழுந்திருப்போம். தூக்கமில்லை, சாப்பாடில்லை, பேச்சில்லை, ஆசையில்லை, சொந்தப் பொருளை எடுத்துக் கொடுக்கிறார். நாம் கேட்கிற அத்தனை கேள்விக்கும் விரதம் என்று ஒரே பதில் ஆகிவிட்டது. அந்தப் பதிலில் எல்லோருக்கும் சந்தோஷம்.

பையை இறக்கி வைத்தேன். சலிப்பாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது ஒரு சந்தேகம் அல்ல, ஒரு ஜன்னலோர சீட்டு.

நிர்மலாவைத் தனியே கூப்பிட்டு, "சாகிற எண்ணம் இருக்கான்னு கேட்டியா?" என்றேன். முன்பு, குடித்துக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு முறை கேட்டிருந்தார். இல்லை என்று பதில். மாலை போட்ட பிறகு கேட்கவில்லை.

"மேடம், மாலை போட்டுகினு இருக்கறவங்க சாவு வூட்டுப் பக்கமே போவ மாட்டாங்க. அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. நான் வேற கிறிஸ்டியன். நான் போயி சாமிகிட்ட செத்துப்போவ தோணுதான்னு கேட்டா அவுங்க என்னா நெனப்பாங்க? மலைக்குப் போற நேரத்துல அபசகுனமா..."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அடுத்தவர் சாமியை மதிக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி வளர்த்த பெண். நான் இந்துதான், எனக்கே அந்தச் சந்தனத்தையும் துளசி மணியையும் பார்த்தால் நாக்கு எழவில்லை. என் அண்ணன் மாலை போட்டிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் சாவு செய்தி வந்த தந்தியைக்கூட வாசலுக்கு வெளியே வைத்துத்தான் படித்தார்கள். அந்தப் பயம் படிப்பால் போகிற பயம் இல்லை.

செல்வத்தை மட்டும் என் அறைக்குக் கூப்பிட்டேன். நிர்மலாவையும் கூட இருக்கச் சொன்னேன். சுமதியை வெளியே இருக்கச் சொன்னதும் அவர் முகம் மாறியது. கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார்.

சுற்றி வளைக்கவில்லை. நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. "செல்வம்" என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். "செத்துப்போயிடணும்னு நினைக்கிறீங்களா?"

நிர்மலா குனிந்துகொண்டார். செல்வம் கோபப்படவில்லை. மடியிலிருந்த துண்டை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் பேசவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நடுவில் ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். பதில் வரும் வழியை நாமே அடைத்த மாதிரி ஆகிவிடும்.

"இருமுடி கட்டினா சொல்லிக்காம போவணும் இல்ல மேடம்" என்றார் கடைசியில். "போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது. தேங்கா ஒடச்சிட்டுத் திரும்பிப் பாக்காம போவணும். எனக்கு அது சௌகரியமா இருக்குது. அவ மூஞ்ச பாத்து பொய் சொல்ல வேணாம். மலைல எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா சாமி கூப்ட்டுக்கிச்சுன்னு சொல்லுவாங்க. அவளுக்கும் அசிங்கம் இல்ல."

அவ்வளவு யோசித்து வைத்திருந்தார். எத்தனை வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இதைக் கேட்கும் பயம் மரத்துப்போகாது. மரத்துப்போனால் வேலையை விட்டுவிடுங்கள்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க மேடம். சத்தியம் பண்ணுங்க" என்றார்.

இங்கேதான் இளையவர்கள் தடுக்கி விழுவார்கள். ஒருவர் மனசைத் திறந்ததும் அவர் கேட்பதையெல்லாம் கொடுத்துவிடத் தோன்றும். உயிர் விஷயத்தில் அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். "பண்ண மாட்டேன்" என்றேன். "இன்னைக்கு நீங்க வேன்ல ஏறப் போறதில்ல. அது ஏன்னு சுமதிக்குத் தெரியணும். நீங்க சொல்றீங்களா, நான் ஆரம்பிக்கட்டுமா?"

"எப்டி மேடம் சொல்லுவேன்? அவ தம்பிய நான் கொன்னுட்டேன். அவ ஒரு வார்த்த கேக்கல. ரெண்டு வருஷமா ஒரு வார்த்த. திட்டியிருந்தா பரவால்ல. மனசுல எவ்ளோ வெறுப்பு இருந்தா ஒரு பொம்பள கேக்காமலே இருப்பா?"

சுமதியை உள்ளே கூப்பிட்டேன். முதல் வாக்கியத்தை நான் சொன்னேன், மிச்சத்தைச் செல்வம் சொன்னார். தரையைப் பார்த்துத்தான் சொன்னார். சுமதி அழுவார் என்று நிர்மலா டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார். சுமதி அழவில்லை. கோபத்தில் சத்தம் போட்டார்.

"வெறுப்பா? எனக்கா? தம்பி பேர எடுத்தா நீ ஒடஞ்சி பூடுவன்னு பயந்துகினு, அவன் போட்டோவக்கூட பொட்டில வச்சிட்டேன் மாமா. அழணும்னா கடைல ட்ரையல் ரூமுக்குள்ள போயி அழுதுட்டு வருவேன். உனக்காவத்தான்! நீ என்னாடான்னா..."

சாமி என்பது அதோடு போய்விட்டது. அவர் உடைந்துவிடக் கூடாது என்று இவர் கேட்கவில்லை, இவர் கேட்கவில்லையே என்று அவர் உடைந்துகொண்டிருந்தார். யார் மேல் தப்பு என்று கேட்கிற பெரியவர் யாராவது அன்று அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்.

மறுபடி ஹாரன். பிறகு குருசாமியே மேலே ஏறி வந்தார். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கட்டையான ஆள், பேச்சும் கட்டைதான். செல்வத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டு, உயிருக்கு ஆபத்து இருக்கிறது, மருத்துவரிடம் போகிறோம் என்று அளவாகச் சொன்னேன்.

"அதுக்காவ கட்டு கட்டற அன்னிக்கி நிப்பாட்டுறதா? தெய்வக் குத்தம் ஆயிடும்மா" என்றார் குருசாமி.

"சாமி, என் புருஷன் உசுரோட இருக்கணும்னுதான மாலயே போட்டது?" என்றார் சுமதி. "அவரே இல்லன்னா மால எதுக்கு? இப்பவே கழட்டிடுங்க."

செல்வம் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "கழட்டாதீங்க. இது எறங்குச்சின்னா சாயங்காலமே குடிச்சிடுவேன். எனக்கு என்ன பத்தித் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் கிடையாது. மாலை இருந்தால் மலை, மலைக்குப் போனால் ஆள் இல்லை. மாலை இறங்கினால் குடி, குடித்துவிட்டு இந்த மனநிலையில் என்ன செய்வார் என்று சொல்ல முடியாது. நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். மாலை இருப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் மலைக்குப் போகக் கூடாது, இன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்கக் கூடாது. இது நடக்குமா நடக்காதா என்று நான் குருசாமியிடம்தான் கேட்டேன். அவருடைய வேலையில் நான் போய் முடிவு சொல்ல முடியாது.

குருசாமி செல்வத்தின் முன்னால் வந்து, "மால அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நான் மலைலேந்து வந்துதான் எறக்குவேன். அது வரைக்கும் நீ என் பொறுப்பு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் எனக்கு. புரிதா?" என்றார். திட்டுவது போலத்தான் இருந்தது. செல்வம் தலையாட்டினார். குருசாமி அதற்கு மேல் நிற்காமல் படியிறங்கினார்.

சிதம்பரத்தில் எங்களுக்குப் பழக்கமான மனநல மருத்துவர் ஒருவர் இருந்தார். போன் செய்துவிட்டு வாடகைக் கார் பிடித்தோம். நான் முன்னால், அவர்கள் இருவரும் பின்னால். ஆலப்பாக்கம் தாண்டியபோது சுமதி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "தொடாத, மாலை போட்டிருக்கேன்" என்றார் செல்வம். "சாமிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் சுமதி. சிதம்பரம் வரும் வரை விடவில்லை. எனக்கு அந்த ஒரு மணி நேரமும் திரும்பிப் பார்க்க வெட்கமாக இருந்தது, கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

பெரிய மருத்துவர் வர நேரமாகும் என்று முதலில் ஒரு இளம் டாக்டர் பார்த்தார். கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் அவரும் எழுந்தார். "உக்காருங்க சாமி" என்றார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டார். விரதம் என்றார் செல்வம். டாக்டர் தலையாட்டி அடுத்ததற்குப் போனார். நான் வாயைத் திறப்பதற்குள் சுமதி மேசை மேல் கை வைத்துவிட்டார்.

"சார், அத கேளுங்க. சாவணும்னு தோணுதான்னு கேளுங்க. நீங்க கேக்கறீங்களா, நான் கேக்கட்டுமா?"

டாக்டர் கேட்டார். செல்வம் "தோணுது" என்றார். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மாலையோடுதான்.

நடந்து சில வருடங்கள் ஆகின்றன. குருசாமி சொன்னபடி வந்து மாலையை இறக்கினார். செல்வம் அதற்குப் பிறகு இரண்டு தடவை குடித்திருக்கிறார், மருந்தை ஒரு தடவை நிறுத்திப் பார்த்து மறுபடி சேர்ந்திருக்கிறார். நான் யாரையும் குணப்படுத்தியதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அன்று பஸ்ஸை விட்டேன், அவ்வளவுதான். நிர்மலா இப்போது மாலை, தாலி, பர்தா, அங்கி எது போட்டிருந்தாலும் கேட்டுவிடுகிறார். கேட்பதற்கு முன் இன்னமும் தண்ணீர் குடிப்பதாகச் சொன்னார். குடிக்கட்டும், நானும் குடிப்பேன்.

இதை எழுதலாமா என்று கேட்பதற்காகப் போன வாரம் செல்வத்துக்குப் போன் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள் என்றார். சுமதி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"என்னாத்த சொல்றது மேடம். தெனம் காலைல கேக்கறா. தோணுதா மாமான்னு, கொழம்புக்கு என்னா வக்கறதுன்னு கேக்கற மாதிரி கேக்கறா. பதில் சொல்லாம டீ குடுக்க மாட்டேங்கறா."

"இன்னைக்கு என்ன சொன்னீங்க?"

"இன்னிக்கி இல்லன்னு சொன்னேன். நேத்தும் இல்ல. போன மாசம் ஒரு நாளு ஆமான்னு சொன்னேன். அன்னிக்கி அவ கடைக்குப் போவல."